அரை நிமிட ஓட்டம்

நாய் ஓட்டப் பந்தயம் ஒன்று ஏறத்தாழ முப்பது விநாடிகளில் முடிந்துவிடுகின்றது. பந்தயம் பார்க்க வந்த ஒருவர் சுருட்டைப் பற்றவைத்துத் தீக்குச்சியை அணைத்துவிட்டு நிமிர்வதற்குள் எல்லா நாய்களும் எல்லைக்கோட்டைக் கடந்து போயிருக்கும். அந்நாய்களுள் ஒன்று தன் வாழ்நாளில் நூறு பந்தயங்களில் ஓடியதாக வைத்துக்கொள்வோம். அது நல்ல ஓட்டக்கார நாய் என்றே சொல்லவேண்டும். அந்த நூறு பந்தயங்களையும் ஒன்றாகக் கூட்டினாலும் கணக்கு ஒரு மணி நேரத்தை எட்டாது. நாய் உயிரோடிருப்பதோ பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள் வரை. இரண்டு வயதில் ஓடத் தொடங்கும் அது, நான்கு வயதிலோ ஐந்து வயதிலோ ஓட்டத்தை நிறுத்திவிடுகின்றது. காலில் அடிபட்டால் அதற்கு முன்னரே நிறுத்திவிடும். ஆகவே உலகின் அதிவேக நாயைப் பற்றிப் பேசப் புகுவோர், அது ஓடாதிருக்கும் நீண்ட காலத்தைப் பற்றியும் பேசவேண்டியவராகின்றனர்.

அதிவேக நாய் எது என்ற கேள்விக்கு விடை கூறுதல் கடினமன்று. கிறேஹவுண்ட் என்னும் சாதி நாயே அது. நீண்டு கூர்ந்த முகம், ஆழ்ந்த மார்பு, ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடுமோ என்று தோன்றும் இடை, வில்லென வளைந்த முதுகு, மெலிந்து நீண்ட கால்கள் ஆகியவை அதன் அங்க அடையாளங்கள். முதன்முறை பார்ப்பவர், பாவம், இதற்குச் சோறு போடுவாரில்லைப் போலும் என்று இரக்கப்படுவர். 1994ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து வயோங் என்னும் இடத்தில் ‘ஸ்டார் டைட்டில்’ என்ற கிறேஹவுண்ட் 366 மீற்றர் நேர்த்தடத்தை 19.57 விநாடியில் ஓடி முடித்தது. அதன் சராசரி வேகம் மணிக்கு 67.32 கிலோமீற்றர். 2009ஆம் ஆண்டில் பேர்லின் நகரில் உசெயின் போல்ட் 100 மீற்றர் தூரத்தை 9.58 விநாடியில் ஓடி உலக சாதனை நிலைநாட்டினாரல்லவா? அந்த ஓட்டத்தில் அவர் எய்திய உச்ச வேகமும் மணிக்கு 45 கிலோமீற்றரை எட்டவில்லை. தரையில் ஓடும் விலங்குகளுள் சிவிங்கி கிறேஹவுண்டை வெல்லும். நாய்களுள் குறுந்தூரத்தில் அதை வெல்வதற்கு வேறொன்றில்லை.

இந்த வேகம் எங்கிருந்து வருகின்றது? பெரும்பாலான பாலூட்டிகளின் உடல் நிறையில் தசை பாதிக்குக் குறைவாகவே இருக்கும். கிறேஹவுண்டின் உடலிலோ பாதிக்கு மேற்பட்ட பங்கு தசை. அதன் இதயம் பிற நாய்களின் இதயத்தோடு ஒப்பிடுகையில் உடலளவுக்கு மீறிப் பெரியது; ஓட்டத்தின்போது நிமிடத்துக்கு முந்நூறு தடவை வரை துடிக்கக்கூடியது. இரத்தத்திற் செங்கலங்கள் செறிந்து கிடத்தலால் அது மிகுதியான ஒட்சிசனைச் சுமந்து செல்கின்றது. பாய்ச்சலிலும் ஒரு தனிச் சிறப்புண்டு. குதிரை நாலுகாற் பாய்ச்சலில் ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு முறையே நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழும். கிறேஹவுண்டோ இரு முறை எழுகின்றது. கால்கள் நான்கும் வயிற்றின் கீழ் ஒன்றுகூடும் வேளையில் ஒரு முறையும், முன்னங்கால்கள் முன்னும் பின்னங்கால்கள் பின்னுமாக நீண்டு விரியும் வேளையில் ஒரு முறையும் அது அந்தரத்தில் நிற்கின்றது. முதுகெலும்பு வில்லாக வளைந்து நிமிர்ந்து அதனை முன்னே எறிகின்றது. நின்ற நிலையிலிருந்து கிளம்பிச் சில பாய்ச்சல்களிலேயே முழு வேகத்தை நெருங்கிவிடும்.

வளைவில் ஓடும்போது என்ன நிகழ்கின்றது என்பதும் அறியத்தக்கது. மனிதர் வளைவான தடத்தில் ஓடுகையில் வேகம் குறைந்துவிடுகின்றது. 2005ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான இதழில் வெளியான ஓர் ஆய்வு, கிறேஹவுண்டுகள் வளைவிலும் வேகத்தைக் குறைப்பதில்லை என்று காட்டிற்று. உடலைத் தாங்கும் வேலையைக் கால்கள் செய்ய, உந்தும் வலுவை இடுப்பும் முதுகும் தருகின்றன. ஆதலால் வளைவில் பாரம் மிகுந்தாலும் அது தளர்வதில்லை. கேட்பதற்கு வியப்பான செய்திதான். ஆனால் தளராத வேகத்தின் விலையைக் கால் எலும்பு கொடுக்கின்றது. பந்தயத் தடங்களில் நாய்கள் இடப்புறமாகச் சுற்றி ஓடுவதால் வலப் பின்னங்காலின் கணுக்கால் எலும்பு வளைவுகளிலே முறிவது வழக்கமான விபத்தாயிற்று. ஒரு நாயின் ஓட்ட வாழ்வு பெரும்பாலும் அந்தச் சிற்றெலும்பில் முடிந்துவிடும்.

பிற வேக நாய்களையும் சுருங்கச் சொல்லிவிடலாம். கிறேஹவுண்டின் சிற்றுருவம் போன்ற விப்பெற் என்ற நாயை வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர் வளர்த்தனர். தடத்தின் மறுமுனையில் எசமானர் நின்று பழந்துணியை வீசி அழைக்க, அது அவரை நோக்கி ஓடும். ஏழைகளின் பந்தயக் குதிரை என்று அதற்கொரு பட்டப்பெயரும் உண்டு. அராபியரின் சலூக்கி, குறுந்தூரத்தில் கிறேஹவுண்டுக்குப் பிந்தினும் நெடுந்தூரத்தில் அதனை விஞ்சவல்லது. பாலைவன நாடோடிகள் நாய்களைக் கூடாரத்துக்குள் விடுவதில்லை. சலூக்கிக்கு மட்டும் அங்கே இடமுண்டு. தமிழ்நாட்டின் தென்பகுதிக் கரிசல் நிலத்திலும் இவ்வினத்தைச் சேர்ந்த நாய்கள் உள்ளன. சிப்பிப்பாறை, கன்னி என்னும் இரண்டும் மோப்பத்தை நம்பாது கண்ணை நம்பி முயலைத் துரத்தும் மெலிந்த வேட்டை நாய்களே. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் அவற்றுக்கு உரிய வேட்டைத் தொழில் இல்லாமற் போயிற்று. அவை தோட்டக் காவலிலும் வீட்டுத் திண்ணையிலும் காலங்கழிக்கின்றன.

வேக நாயோடு வாழ்வது எப்படி என்பதை ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் எழுதிவைத்தார். அவர் பெயர் அரியன், கிரேக்கர், உரோமப் பேரரசில் ஒரு மாகாணத்தை ஆண்டவர், மகா அலெக்சாந்தரின் படையெடுப்பு வரலாற்றை எழுதியவர் என்ற வகையில் பலரும் அறிந்தவர். கெல்ற்றியரின் வேக நாய்களைப் பற்றி அவர் எழுதிய வேட்டை நூலில், நாய்க்கு மென்மையும் வெம்மையும் உள்ள படுக்கை வேண்டும் என்றும், மனிதரோடு உறங்குதல் அதற்கு எல்லாவற்றினும் நன்று என்றும் கூறுகின்றார். ஓர்மே என்ற தம் சொந்த நாயைப் பற்றி அவர் வருணிக்கும் பகுதி நூல் முழுவதிலும் சுவையானது. அவர் வீட்டில் இருந்தால் அது வீட்டில் இருக்கும். வெளியிற் சென்றால் கூடவே செல்லும். உணவு உண்ணும்போது தனக்கும் பங்கு வேண்டுமென்று காலால் மெல்லத் தொட்டு நினைவூட்டும். படையை நடத்திய ஓர் ஆளுநர் தம் நாயின் இத்தகைய சிறு பழக்கங்களை உலகம் அறியவேண்டும் என்று விரும்பியிருக்கின்றார்! உண்மையான வேட்டைப் பிரியர் முயலைக் கொல்வதற்காக நாயை அவிழ்ப்பதில்லை, ஓட்டப் போட்டியைக் காண்பதற்கே அவிழ்க்கின்றனர், முயல் தப்பினால் மகிழ்கின்றனர் என்பதும் அவர் கருத்து.

இருபதாம் நூற்றாண்டில் முயலின் இடத்தைப் பொறி பிடித்துக்கொண்டது. அமெரிக்கராகிய ஓவன் பற்றிக் சிமித் என்பவர் தண்டவாளத்தின் மீது ஓடும் செயற்கை முயலை உருவாக்கி, 1919ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் எமரிவில் நகரில் ஒரு பந்தயத் திடலை நடத்தலானார். இப்பொறி ஏழாண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தது. 1926ஆம் ஆண்டு யூலை மாதம் 24ஆம் திகதி மான்செஸ்ரர் நகரின் பெல்வியூ திடலில் இங்கிலாந்தின் முதலாவது முறையான பந்தயம் நிகழ்ந்தது. அன்று வந்தவர்கள் சுமார் 1,700 பேர்தான். முதற் பந்தயத்தில் மிஸ்லி என்ற நாய் 440 யார் தூரத்தை 25 விநாடியில் ஓடி வென்றது. சில வாரங்களுக்குள் கூட்டம் பல்லாயிரமாகப் பெருகிற்று. காரணம் விளங்காததன்று. குதிரைப் பந்தயம் நகருக்கு வெளியே, பகற்பொழுதில், வேலை நாளில் நடைபெறும். நாய்ப் பந்தயமோ ஆலைச் சங்கு ஊதியபின், மின்விளக்கொளியில், தொழிலாளி வீடு திரும்பும் வழியிலேயே நடைபெற்றது. கையிலுள்ள சில்லறையைக் கட்டிப் பார்ப்பதற்கு அதைவிட வாய்ப்பான இடம் அவனுக்கு வேறில்லை.

அந்தக் காலத்தில் ஒரு நாயின் பெயர் அமைச்சர்களின் பெயரினும் பரவலாக அறியப்பட்டிருந்தது. அயர்லாந்தில் ஒரு கத்தோலிக்கக் குருவானவரால் வளர்க்கப்பட்ட மிக் த மில்லர் என்ற நாய், 1929ஆம் ஆண்டிலும் 1930ஆம் ஆண்டிலும் இங்கிலாந்தின் டேர்பிப் பந்தயத்தைத் தொடர்ந்து வென்றது. 525 யார் தூரத்தை முப்பது விநாடிக்குள் முதன்முதலாக ஓடிய நாயும் அதுவே. 1934ஆம் ஆண்டில் ஒரு திரைப்படத்திலும் தோன்றிற்று. 1939ஆம் ஆண்டில் அது இறந்தபின் அதன் உடல் பதப்படுத்தப்பட்டு, இப்பொழுதும் திறிங் நகரத்து இயற்கை வரலாற்று நூதனசாலையில் நிற்கின்றது.

வெற்றி பெற்ற நாய் நூதனசாலைக்குச் சென்றது. தோற்ற நாய்கள் எங்கே சென்றன என்று நெடுங்காலம் எவரும் கேட்கவில்லை. பந்தயத் தொழிலில் எழும் கணக்கு மிக எளியது. வேகமான சில நாய்களைப் பெறுவதற்குப் பல குட்டிகளைப் பிறப்பிக்க வேண்டும். போதிய வேகமில்லாதவையும், கால் முறிந்தவையும், வயதேறியவையும் தீனிச் செலவுக்கு மட்டுமே உரியனவாகின்றன. வருமானம் தராத நாய்க்கு உரிமையாளர் எத்தனை ஆண்டு தீனி போடுவார்?

இக்கேள்விக்கு விடை சிறிது சிறிதாகவே வெளிப்பட்டது. பந்தய நாயின் காதினுள்ளே அதன் பதிவு அடையாளம் பச்சை குத்தப்பட்டிருக்கும். உரிமையாளர் யாரென்பதை அதைக்கொண்டு கண்டுபிடிக்கலாம். 2004ஆம் ஆண்டில் தென்வேல்ஸ் மலைச்சரிவு ஒன்றில், தலையிற் சுடப்பட்டும் சாகாது கிடந்த ஒரு கிறேஹவுண்டை வழிப்போக்கர் கண்டனர். அதன் காதுகள் இரண்டும் அறுத்தெடுக்கப்பட்டிருந்தன. 2006ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடகிழக்கேயுள்ள சீஹம் என்ற ஊரில், ஒருவர் நாயொன்றுக்குப் பத்துப் பவுண் வாங்கிக்கொண்டு பந்தய நாய்களைக் கொன்று தம் நிலத்திற் புதைத்துவந்ததை ஒரு ஞாயிறு பத்திரிகை வெளியிட்டது. பதினைந்து ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை என்பது அப்பத்திரிகை தந்த எண்.

அவுஸ்திரேலியாவின் நிலை இதனினும் மோசமானது. அங்கே பயிற்சியாளர் சிலர் உயிருள்ள முயல், பன்றிக்குட்டி முதலியவற்றைப் பொறியிற் கட்டி நாய்களைப் பழக்கிய செய்தி 2015ஆம் ஆண்டில் தொலைக்காட்சி வழியே அம்பலமாயிற்று. செயற்கை முயல் வந்தபின் முயல் பிழைத்தது என்று எண்ணியிருந்தவர்களுக்கு அந்த ஆறுதலும் பறிபோயிற்று. அதனையடுத்து நியமிக்கப்பட்ட நியூ சவுத் வேல்ஸ் விசேட ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டில் அறிக்கை சமர்ப்பித்தது. முந்திய பன்னிரண்டு ஆண்டுகளில் அம்மாநிலத்திற் பிறந்த 97,783 கிறேஹவுண்டுகளுள் அரைவாசியேனும், ஓட்டத்துக்கு உதவாதவை என்று கருதப்பட்டதால் கொல்லப்பட்டிருக்கும் என்பது அவ்வறிக்கையின் கணிப்பு. அரசாங்கம் யூலை மாதத்தில் பந்தயத்தையே தடைசெய்வதாக அறிவித்தது. எதிர்ப்பு வலுக்கவே ஒக்ரோபர் மாதத்தில் அத்தடையைக் கைவிட்டது. தொழிலை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல என்பதும் உண்மை. அக்குடும்பங்களின் கவலையைப் பொய்யென்று ஒதுக்குதல் நியாயமாகாது. ஆயினும் 97,783 என்ற எண்ணின் முன்னே அக்கவலை எவ்வளவு நேரம் நிற்கும் என்பது வேறு விடயம்.

தடை வந்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2018ஆம் ஆண்டு நவம்பரில் மக்களிடமே வாக்குக் கேட்கப்பட்டது. நூற்றுக்கு அறுபத்தொன்பது பேர் பந்தயத்தை நிறுத்துமாறு வாக்களித்தனர். 2020ஆம் ஆண்டு முடிவோடு அது நின்றது. ஒரு காலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட திடல்கள் இருந்த அந்நாட்டில், 2022ஆம் ஆண்டு முடிவில் மேற்கு வெர்ஜினியா மாநிலத்தின் இரண்டே எஞ்சின. நியூசிலாந்து 2024 டிசம்பரிலும், வேல்ஸ் 2025 பெப்ரவரியிலும் பந்தயத்துக்கு முடிவு கட்டுவதாக அறிவித்தன. சீனக் கடலோரத்து மக்காவு நகரத்துத் திடல் 2018ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மூடப்பட்டபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய்கள் கூடுகளிலே கைவிடப்பட்டுக் கிடந்தன. அவை அவுஸ்திரேலியாவிலிருந்து விலைக்கு வாங்கப்பட்டவை. அந்நகரத்தின் பிராணி நலச் சங்கத்தார் பல நாட்டவரோடும் தொடர்புகொண்டு அவற்றுக்கு வீடு தேடினர். ஒவ்வொரு நாயாகவும் சிறு தொகுதிகளாகவும் அவை விமானமேறிச் சென்றன. 2019ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் கூடுகள் வெறுமையாயின.

பிரித்தானியாவில் 1975ஆம் ஆண்டிலேயே, ஓய்வுபெற்ற கிறேஹவுண்டுகளுக்கு வீடு தேடும் அறநிலையம் ஒன்று தோன்றியிருந்தது. இன்று இத்தகைய நிலையங்கள் பல நாடுகளில் உள்ளன. இவற்றின் வழியாக நாயைப் பெற்று வளர்ப்போர் சொல்லும் செய்திகளைக் கேட்டால், அதிவேக நாய் என்பது எத்தகைய பிராணி என்று அப்போதுதான் விளங்குகின்றது.

முதலாவது செய்தி, அது சோம்பேறி என்பது. நாளொன்றில் பதினாறு மணி நேரமும் அதற்கு மேலும் உறங்கும். காலையில் இருபது நிமிட நடையும் மாலையில் இருபது நிமிட நடையும் போதும். பெரிய தோட்டம் வேண்டியதில்லை; மாடி வீட்டின் சிறு அறையிலும் குறைவின்றி வாழும். வேகமான நாய்க்கு நாள் முழுதும் ஓட்டம் தேவைப்படும் என்று அஞ்சி, அதனை விடுத்து மந்தை நாயொன்றை வாங்கி அல்லற்படுவோர் உண்டு. உண்மையில் ஓயாது வேலை கேட்பது மந்தை நாய்தான். குறுந்தூர ஓட்டக்காரன் தன் வலுவை ஒரே மூச்சிற் செலவிட்டுவிட்டுப் படுத்துக்கொள்கின்றான். வேலி அடைத்த தோட்டத்தில் அவிழ்த்துவிட்டால் மூன்று நான்கு சுற்று மின்னலெனச் சுழன்று ஓடும். பிறகு நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நேரே படுக்கைக்குப் போய்விடும்.

இரண்டாவது, வீடு என்பது அதற்குப் புதிய உலகம். கூட்டிற் பிறந்து, கூட்டில் வளர்ந்து, வண்டியிற் சென்று, ஓடித் திரும்பிய நாய்க்கு மாடிப்படி என்றால் என்னவென்று தெரியாது. முதற் படியின் முன்னே நின்று நடுங்கும். எசமானர் பின்னால் நின்று ஒவ்வொரு காலாகத் தூக்கி ஒவ்வொரு படியாக வைத்துக் கற்றுக்கொடுக்கவேண்டும். இறங்குவதைத் தனிப் பாடமாகவே கற்பிக்கவேண்டும். கண்ணாடிக் கதவை வெளியென நினைத்து மோதிக்கொள்ளும். நிலைக்கண்ணாடியில் தெரியும் நாயைச் சுற்றிப் பின்புறம் சென்று தேடும். வழவழப்பான தரையில் கால் விரிந்து அசையாது நிற்கும்; ஒரு பழம் பாய் விரித்துவிட்டால் அதன்மேல் மட்டும் நடந்து மறுபுறம் வந்துசேரும். தனிமையும் அதற்குப் புதிதே. பிறந்த நாள் முதல் பிற நாய்களின் மூச்சொலி கேட்டு உறங்கிய பிராணி, வீட்டார் கதவைப் பூட்டிச் சென்றதும் ஊளையிடத் தொடங்கும். முதல்நாள் ஐந்து நிமிடம், மறுநாள் பத்து நிமிடம் என்று பிரிவைப் பழக்குவதே வழி. பொறுமை இல்லாதவர் இங்கேதான் தோற்றுப்போகின்றனர்.

எச்சரிக்கைகளும் உண்டு. திறந்த வெளியில் அதனை அவிழ்த்துவிடலாகாது. நூறு யாருக்கு அப்பால் ஒரு முயலோ பூனையோ அசைந்தால், எசமானர் அதன் பெயரை உச்சரித்து முடிப்பதற்குள் அது பாதித் தூரத்தைக் கடந்திருக்கும். துரத்தும் வேளையில் அது தெருவையும் பாராது, வண்டியையும் பாராது. வேகத்துக்கென நூற்றாண்டுகளாகத் தெரிந்தெடுத்து வளர்த்த குணத்தை ஒரு சீழ்க்கையொலி நிறுத்திவிடும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. பூனையுள்ள வீட்டுக்கு எல்லா நாயும் ஏற்றதன்று. சில பழகும், சில எக்காலத்தும் பழகா. இதனை முன்னரே சோதித்தறிந்து சொல்லுதல் அறநிலையத்தாரின் கடமை. முதற் சில கிழமைகளுக்கு வாய்க்கூடு இட்டு வெளியே நடத்திச் செல்லுமாறு அவர்கள் கூறுவது இதன் பொருட்டே. கழுத்துப்பட்டியும் சாதாரணமானது உதவாது. இந்நாயின் தலை கழுத்திலும் ஒடுங்கியதாகையால் ஒரு திமிறலில் பட்டி கழன்றுவிடும்; இழுத்தால் சற்றே இறுகும் அகலமான பட்டி வேண்டும்.

அதன் உடல் முழுவதும் வேகத்துக்காக இலேசாக்கப்பட்டது. அதன் துன்பங்களும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன. தோலின் கீழ்க் கொழுப்பு இல்லை. ஆதலால் கடினமான தரையிற் படுத்தால் முழங்கையில் புண் உண்டாகும். தடித்த மெத்தை அதற்குச் சுகபோகமன்று, தேவை. தோல் மெல்லியதாகையால் முட்கம்பியில் உரசினால் துணிபோலக் கிழிந்துவிடும். பாதத்தில், மனிதருக்கு வருவது போலவே, கால் ஆணி வருகின்றது. நாய்ச் சாதிகளுள் இத்துன்பத்துக்கு அதிகம் ஆளாவது இதுவே. மகிழ்ச்சி மிகுந்து வாலை வீசிச் சுவரில் அடித்து, வால்நுனியைப் புண்ணாக்கிக்கொள்ளும் நாய்களும் உண்டு. குளிர் நாட்டில் அதற்கு மேலங்கி வேண்டும். இலங்கை போன்ற வெப்ப நாட்டிலோ வேறு வகை ஆபத்து. வேகமாக ஓடியபின் அதன் உடற்சூடு 41 பாகைக்கு மேலும் ஏறக்கூடும். வெயில் ஏறுமுன் காலையிலும், வெயில் தணிந்தபின் மாலையிலும் அன்றி அதனை ஓடவிடலாகாது.

மிருக வைத்தியரிடம் செல்லும்போது நாயின் சாதியைச் சொல்லிவிடுதல் நன்று. அதன் இரத்தத்திற் செங்கலங்கள் மிகுதி, குருதித் தட்டுகள் குறைவு, கேடயச் சுரப்பியின் சுரப்பும் குறைவு. அனுபவம் குறைந்த வைத்தியர் இவற்றை நோயெனக் கொண்டு தேவையற்ற மருந்து கொடுக்கக்கூடும். மயக்க மருந்திலோ தவறு உயிருக்கே வந்துவிடும். கொழுப்புக் குறைவாலும், ஈரல் சில மருந்துகளை மெதுவாகவே சிதைப்பதாலும், பழைய காலத்துத் தயோபென்ரல் போன்ற மயக்க மருந்துகள் இதன் உடலை விட்டு நீங்குவதற்கு நெடுநேரமாகும். வேறு நாய் எழுந்து நடக்கும் வேளையில் இது கிடந்தபடியே கிடக்கும். இதே இரத்தத்தால் ஒரு நன்மையும் உண்டு. செங்கலச் செறிவோடு, பிற நாய்களின் உடல் ஏற்றுக்கொள்ளத்தக்க இரத்த வகையும் இச்சாதியிற் பலவற்றுக்கு அமைந்திருப்பதால், விபத்திற்பட்ட நாய்களுக்கு இரத்தம் வழங்குவதற்கு இவற்றை வைத்தியசாலைகள் விரும்பி நாடுகின்றன. வயதான காலத்தில் எலும்புப் புற்றுநோய் இச்சாதியைப் பிடிக்கும் பெரும் பகை. காரணமின்றி நொண்டத் தொடங்கினால் நாட்கடத்தலாகாது.

காவலுக்கு இந்நாய் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் குரைப்பதேயில்லை. கள்வன் வந்தால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் உறங்கினாலும் உறங்கும். உயரம் போதியதாகையால் மேசைமேலுள்ள ரொட்டியை நின்றபடியே எடுத்துக்கொள்ளும். அரியனுடைய ஓர்மேயின் வழியிலிருந்து இந்த இனம் அதிகம் விலகிவிடவில்லை. குழந்தைகளோடு சாதுவாக இருக்கும். ஆனால் உறங்கும்போது திடீரெனத் தொடலாகாது. கூட்டில் தனிப் படுக்கையில் உறங்கிப் பழகிய நாய், திடுக்கிட்டு விழித்தால் தன்னையறியாமலே கடிக்கக்கூடும். கண்ணை மூடாமலே உறங்கும் பழக்கமும் சிலவற்றுக்கு உண்டாகையால், விழித்திருக்கின்றது என்று எண்ணி ஏமாறுவது எளிது. பெயர் சொல்லி எழுப்பிய பின்னரே அருகிற் செல்லுமாறு பிள்ளைகளுக்குக் கற்பித்தல் வேண்டும்.

அன்பைக் காட்டும் முறையும் பிற நாய்களினின்று வேறானது. தாவி ஏறி முகத்தை நக்குவது குறைவு. நின்றிருப்பவரின் அருகே வந்து, உடல் முழுவதையும் அவர் காலோடு சாய்த்துக்கொண்டு பேசாமல் நிற்கும். முப்பது கிலோ எடை திடீரெனச் சாய்வதால் முதியவர்கள் கதிரையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். புதிதாக வந்த நாய் முதலில் இதைச் செய்வதில்லை. சுவரோரமாக, கால்களை மடக்கி, எந்த வேளையிலும் எழுந்து செல்ல ஆயத்தமானதுபோலச் சுருண்டு படுத்திருக்கும். வாரங்கள் செல்லும், சில நாய்க்கு மாதங்களும் செல்லும். பின்னர் ஒருநாள் மெத்தையின் நடுவே மல்லாந்து, வயிறு மேலே தெரிய, நான்கு கால்களும் நான்கு திசைக்கு நீட்டியிருக்க, வாய் சற்றே திறந்தபடி உறங்கிக்கொண்டிருக்கும். கிறேஹவுண்ட் வளர்ப்போர் அந்த நாளைக் குறித்துவைத்துக்கொள்கின்றனர். ஆங்கிலத்தில் இந்தப் படுக்கைக்கு ஒரு பெயரும் வழங்குகின்றது. மருந்தடித்துச் செத்துக் கிடக்கும் கரப்பான்பூச்சியின் தோற்றத்திலிருந்து அப்பெயர் வந்தது.